மைக் ரிப்பேரா? புதுசு வாங்கறதுக்கு முன்னாடி கம்பெனிக்கு அனுப்பற கணக்கைப் போடுங்க

சம்பளத்தோட சேர்த்து சின்னதா ஒரு சேனல், பாட்காஸ்ட், வாய்ஸ் ஓவர்னு பண்றவங்க நம்ம வாசகர்கள்ல நிறைய பேர். அவங்க கேக்கற கேள்வி எப்பவும் ஒண்ணுதான்: "எந்த மைக் வாங்கலாம் சார்?" அது கெட்டுப்போனா யார் சரி பண்ணுவாங்கன்னு கேட்டவங்களை ஒரு கை விரல்ல எண்ணிடலாம். என்னைக் கேட்டா, கடையில கார்டை நீட்டறதுக்கு முன்னாடி கேக்க வேண்டிய முதல் கேள்வியே அதுதான்.

ஏன்னா நல்ல மைக் செல்போன் மாதிரி இல்லை. மூணு வருஷத்துல பழசாகற சரக்கு இல்லை. மேடையில பாடறவங்க கையில நீங்க பார்க்கற ஷூர் எஸ்எம்58 சந்தைக்கு வந்தது 1966-ல. ரெக்கார்டிங் ஸ்டுடியோக்கள்ல இருக்கற நாய்மன் யூ 87 வந்தது 1967-ல. ரெண்டும் இன்னைக்கும் தயாரிப்புல இருக்கு. அதாவது உங்க அப்பா அம்மா பிறந்த காலத்து வடிவமைப்பு இன்னும் சம்பாதிச்சுக் கொடுக்குது. இப்படிப்பட்ட பொருளை 'ஒரு மாதிரி கரகரங்குது' என்கிற ஒரே காரணத்துக்காகத் தூக்கி ஓரமா வெச்சுட்டு இ.எம்.ஐ-ல இன்னொண்ணு வாங்கறதுதான் எனக்கு வயிற்றெரிச்சல்.

போன ஆகஸ்ட்ல என் க்ளையன்ட் ஒருத்தர் அதைத்தான் பண்ண இருந்தார். கோவையில ஐ.டி. வேலை. சொந்த ஊர் எமரால்டு தாண்டி அவலாஞ்சி போற வழியில ஒரு படுகர் ஹட்டி. வார இறுதியில ஊருக்குப் போய், வயசான பாட்டிமார் பாடற படுகப் பாட்டுகளையும், சோலைக்காட்டுப் பறவைகளோட குரலையும் பதிவு பண்ணிப் போடுவார். சேனல்ல வருஷத்துக்குச் சுமார் 1.8 லட்சம் வருது. கையில இருந்தது நீளமான ஷாட்கன் கண்டென்சர் மைக். மூணு வருஷத்துக்கு முன்னாடி 38,000 ரூபாய்க்கு வாங்கினது. திடீர்னு படபடன்னு சத்தம், அப்புறம் குரலே பாதியாக் குறைஞ்சு போச்சு. அதே மாடலோட இன்னைய விலை 44,000. 12 மாச இ.எம்.ஐ. போட ஆப்பைத் திறந்து வெச்சுட்டுத்தான் எனக்கு போன் பண்ணினார். அவசரத்துக்குக் காரணமும் இருந்தது. பாடற பாட்டிகள்ல ஒருத்தருக்கு எண்பத்தஞ்சைத் தாண்டிடுச்சு. ஹெத்தையம்மன் பண்டிகைக்கு முன்னாடி அவர் பாட்டுகளை முடிச்சுடணும்.

இங்க ஊரைப் பத்திக் கொஞ்சம் சொல்லணும். அவலாஞ்சியில 2019 ஆகஸ்ட்ல ஒரே நாள்ல 911 மில்லிமீட்டர் மழை பெஞ்சது ஞாபகம் இருக்கும். சென்னைக்கு வருஷம் முழுக்கப் பெய்யற சராசரி மழை 1,400 மில்லிமீட்டர் பக்கம்தான். அதுல மூணுல ரெண்டு பங்கை ஒரே நாள்ல வாங்கின ஊர் அது. மழை இல்லாத நாள்லயும் ஏரிமேல இருந்து மூடுபனி ஏறி வீட்டுக்குள்ள வந்து உட்கார்ந்துக்கும். தோல் பெல்ட்டும் செருப்பும் ரெண்டு வாரத்துல பூஞ்சை பிடிக்கிற ஊர்ல, கண்டென்சர் மைக் மட்டும் தப்பிச்சுடுமா?

கண்டென்சர் மைக் உள்ளே சில மைக்ரான் தடிமன்ல, உலோகப் பூச்சு பூசின ஒரு சவ்வு இருக்கும். அதுக்குப் பின்னாடி ஒரு உலோகத் தகடு. நடுவுல மின்சாரம் கசியவே கூடாது. ஈரம் படிஞ்சா கசியும். அந்தக் கசிவுதான் படபட சத்தம். இதுல நல்ல செய்தி என்னன்னா, பல நேரம் இது ரிப்பேரே இல்லை, வெறும் ஈரம். காத்துப் புகாத டப்பாவுல சிலிக்கா ஜெல் பொட்டலங்களோட ரெண்டு மூணு நாள் வெச்சா சத்தம் போயிடும். ஹேர் டிரையர் பிடிக்காதீங்க, அடுப்பு மேல வைக்காதீங்க, சவ்வு போயிடும். (இதுலயும் விதிவிலக்கு உண்டு. சென்ஹைசரோட எம்கேஎச் வரிசை வேற தொழில்நுட்பத்துல வேலை செய்யறது. ஈரத்தை நல்லாவே தாங்கும். காட்டுல ஒலிப்பதிவு பண்றவங்க அதிக விலை கொடுத்து அதை வாங்கறது சும்மா பந்தாவுக்கு இல்லை.)

அதனால எதையும் அனுப்பறதுக்கு முன்னாடி கேபிளை மாத்திப் பாருங்க, 48 வோல்ட் பேன்டம் பவர் சரியா வருதான்னு வேற மைக்கைச் செருகிப் பாருங்க, காய வெச்சுப் பாருங்க. பழுதே இல்லாத மைக்கை அனுப்பினாலும் பல சர்வீஸ் சென்டர்கள் சோதனைக் கட்டணம் வாங்குவாங்க. முந்நூறு ரூபாய் கேபிள் பழுதுக்கு ரெண்டாயிரம் ரூபாய் செலவு பண்ணினவங்களைப் பார்த்திருக்கேன். நம்ம க்ளையன்ட்டும் காய வெச்சுப் பார்த்தார். படபட சத்தம் நின்னுச்சு, ஆனா குரல் ஏறலை. அப்போ உள்ளே நிஜமாவே ஏதோ போயிருக்கு.

இப்ப கணக்குக்கு வருவோம். கம்பெனி சர்வீஸ் சென்டர்ல இருந்து வந்த மதிப்பீடு 9,500 ரூபாய். 18% ஜி.எஸ்.டி. சேர்த்தா 11,210. இன்சூரன்ஸோட போக வர கூரியர் 1,100. மொத்தம் 12,310. சராசரி ஆள் இதைப் பார்த்ததும் என்ன சொல்வார்? "பழைய பொருளுக்குப் பன்னிரண்டாயிரமா? இன்னும் முப்பதாயிரம் போட்டா புதுசே வந்துடுமே." இந்த 'இன்னும் கொஞ்சம் போட்டா' என்கிற வார்த்தைதான் நம்ம தலைமுறையோட சம்பளத்தைத் திங்கற கரையான்.

மொத்த விலையைப் பார்க்காதீங்க, வருஷத்துக்கு என்ன ஆகுதுன்னு பாருங்க. புதுசு 44,000, எட்டு வருஷம் உழைக்கும்னு வெச்சா வருஷத்துக்கு 5,500. ரிப்பேர் 12,310, இன்னும் அஞ்சு வருஷம் ஓடும்னு வெச்சா வருஷத்துக்கு 2,462. பாதிக்கும் கீழே. அஞ்சு வருஷம் இல்லை, மூணு வருஷம்தான் ஓடும்னு பயந்தாலும் 4,103. அப்பவும் ரிப்பேர்தான் ஜெயிக்குது. ரெண்டே வருஷம்னா 6,155. அங்கதான் புதுசு முந்துது. ஆக உங்க நிஜமான கேள்வி 'ரிப்பேருக்கு எவ்வளவு?' இல்லை. 'சரி பண்ணினா எத்தனை வருஷம் ஓடும், ரிப்பேருக்கு எவ்வளவு நாள் உத்தரவாதம் தர்றீங்க?' இதை சர்வீஸ் சென்டர்ல கேட்டு, பதிலை மெயில்ல வாங்குங்க.

இதே கணக்கை நாலாயிரம் ரூபாய் வயர்லெஸ் காலர் மைக்குக்குப் போட்டா வேற விடை வரும். ரெண்டு வருஷம் உழைக்கற பொருளுக்கு வருஷத்துக்கு 2,000. அதோட ரிப்பேருக்கு 1,800 கேட்டு, ஒரு வருஷம்தான் ஓடும்னா அலைச்சல்தான் மிச்சம். அது பேனா ரீஃபில் மாதிரி, தீர்ந்தா அடுத்தது. பெரும்பாலும் அதுக்குள்ள இருக்கற பேட்டரிதான் முதல்ல போகும். உப்பிப்போன லித்தியம் பேட்டரியை விமானத்துல அனுப்பவே கூடாது. பழுதான லித்தியம் பேட்டரிக்கு அங்க தடை இருக்கு. "உள்ளே பேட்டரி இல்லை"ன்னு எழுதிக் கொடுத்து அனுப்பற புத்திசாலித்தனம் வேண்டாம்.

எஸ்எம்58 மாதிரி டைனமிக் மைக் நடுவுல வரும். அதோட உயிர்நாடியான கார்ட்ரிட்ஜ், ஆர்59 என்கிற பேர்ல தனியாவே விக்குது. தலையைக் கழட்டி ரெண்டு ஒயர் சால்டர் பண்ணத் தெரிஞ்ச யாரும் மாத்திடலாம். கம்பெனிக்கு அனுப்பற அவசியமே இல்லை. உங்க ஊர் ஒலிபெருக்கி மெக்கானிக் அரை மணி நேரத்துல முடிச்சுக் கொடுப்பார். ஆனா கண்டென்சர் மைக்கை அவர்கிட்ட கொடுக்காதீங்க. அவர் திறமையில குறை இல்லை. அந்தச் சவ்வுல ஒரு தூசி, ஒரு விரல் ரேகை பட்டாலும் போச்சு. சுத்தமான அறையும், அந்த மாடலுக்கான அளவீடும், அசல் பாகமும் வேணும். அது மூணும் தயாரிப்பாளர்கிட்டத்தான் இருக்கும்.

தயாரிப்பாளர்னு யாரைச் சொல்றோம்கறதுலயும் குழப்பம் இருக்கு. பெட்டி மேல இருக்கற பேரும், சர்வீஸ் பண்ற கம்பெனியும் ஒண்ணா இருக்கணும்னு அவசியம் இல்லை. சென்ஹைசரையே எடுத்துக்கங்க. வீட்டு உபயோக ஹெட்போன் பிரிவை அவங்க சுவிட்சர்லாந்தின் சொனோவாவுக்கு வித்துட்டாங்க. 2022 மார்ச்சுல கை மாறிடுச்சு. தொழில்முறை மைக் பிரிவு மட்டும் பழைய குடும்பக் கம்பெனிகிட்டயே இருக்கு. பெட்டியில ஒரே பேர், உள்ளே ரெண்டு கம்பெனி. தேடினதும் வர்ற முதல் முகவரிக்கு மைக்கை அனுப்பினா, பார்சல் ஊர் சுத்திட்டு வரும். ஏகேஜி கதை இன்னும் மோசம். வியன்னாவுல பிறந்த கம்பெனி. 1994-ல ஹார்மன் வாங்கிச்சு, 2017-ல ஹார்மனை சாம்சங் வாங்கிச்சு, அதே வருஷம் வியன்னா இடத்தை மூடிட்டாங்க. அங்க வேலை பார்த்தவங்க சேர்ந்து ஆஸ்ட்ரியன் ஆடியோன்னு புதுக் கம்பெனி ஆரம்பிச்சாங்க. பிராண்ட் மேல வெச்ச நம்பிக்கை வேற, அந்த பிராண்ட்ல ரிப்பேர் பண்ணத் தெரிஞ்ச கைகள் வேற. பங்கு வாங்கறப்போ மேனேஜ்மென்ட் மாறிச்சான்னு பார்க்கறோம் இல்லையா? நாப்பதாயிரம் ரூபாய்ப் பொருளுக்கும் பத்து நிமிஷம் பார்க்கலாம்.

அடுத்தது, விலை குறையுதேன்னு துபாய்ல இருந்தோ சிங்கப்பூர்ல இருந்தோ நண்பர் கையில வரவழைக்கற பழக்கம். அஞ்சாறு ஆயிரம் மிச்சமாகலாம். ஆனா பல பிராண்டுகளோட இந்திய வாரன்டி, இந்திய விநியோகஸ்தர் வழியா வந்த சீரியல் நம்பருக்கு மட்டும்தான். அந்த மிச்சம், மிச்சம் இல்லை; வாரன்டியை வித்த விலை. போலியோட தொல்லை தனி. எஸ்எம்58-ல போலி அவ்வளவு இருக்கு. அசல் சுமார் 300 கிராம் இருக்கும். கையில வெச்சா காத்து மாதிரி இருந்தா சந்தேகப்படுங்க. போலியை எந்தத் தயாரிப்பாளரும் சர்வீஸ் பண்ண மாட்டாங்க.

அனுப்பும்போது

அவலாஞ்சியில இருந்து ஊட்டி 28 கிலோமீட்டர் பக்கம். கூரியர் ஆள் வீட்டு வாசலுக்கு வந்து வாங்கிட்டுப் போற ஊர் இல்லை அது. நம்ம ஆள் மைக்கைக் கோவைக்கு எடுத்துட்டு வந்து அங்கிருந்துதான் அனுப்பினார். நான் சொன்னது இவ்வளவுதான்: சீரியல் நம்பர் தெரியற மாதிரி போட்டோ, பேக் பண்றதை ஒரு வீடியோ, பழுது என்னன்னு ஒரு தாள்ல எழுதி உள்ளே, கூடவே சத்தத்தோட மாதிரிப் பதிவை மெயில்ல. ஷாக் மவுன்ட், காத்துத் தடுப்பு, கேபிள் எதையும் கூட வைக்க வேண்டாம். போன பொருளைத் தேடறதை விட, போகாத பொருளைப் பத்திரமா வீட்ல வெச்சுக்கறது சுலபம்.

கூரியர் ரசீதுக்குப் பின்னாடி எறும்பு மாதிரி அச்சடிச்சிருக்கறதை ஒரு தடவை படிங்க. பொருள் தொலைஞ்சா கம்பெனியோட பொறுப்பு ஒரு சின்னத் தொகையோட முடிஞ்சுடும்னு இருக்கும். மதிப்பை அறிவிச்சு, தனியா இன்சூரன்ஸ் கட்டினாத்தான் 38,000-க்கு அர்த்தம். இருநூறு ரூபாய் மிச்சம் பிடிக்கற இடம் இது இல்லை.

மைக் திரும்பி வர அஞ்சு வாரம் ஆச்சு. இந்த அஞ்சு வாரத்தைத்தான் யாரும் கணக்குல சேர்க்கறதில்லை. ரிப்பேர் செலவைக் கம்மின்னு சொல்லிட்டு, நடுவுல வேலை நின்னா எவ்வளவு நஷ்டம்னு பார்க்காம விட்டா அது அரைக் கணக்கு. எண்பத்தஞ்சு வயசுப் பாட்டியை 'அஞ்சு வாரம் கழிச்சுப் பாடுங்க'ன்னு சொல்ல முடியுமா? அவர் கோவையில நாள் வாடகைக்கு ஒரு மைக் எடுத்து, ரெண்டு சனிக்கிழமை போய்ப் பதிவு பண்ணிட்டார். வாடகை மொத்தம் 1,600. அதையும் ரிப்பேர் கணக்குல சேர்த்தா 13,910. அஞ்சு வருஷத்துக்குப் பிரிச்சா 2,782. இன்னும் பாதிதான். பாட்டு முதல்ல, மைக் அப்புறம். இதுல நான் அவர் கட்சி.

கம்பெனிகள் மேலயும் எனக்கு வருத்தம் உண்டு. பல மாடல்களுக்கு அவங்க ரிப்பேர்னு சொல்றது ரிப்பேரே இல்லை. உள்ளே இருக்கற மொத்தப் பலகையையும் மாத்திட்டு பில் போடறது. எந்த பாகம் போச்சுன்னு கேட்டா பதில் வராது. மத்திய நுகர்வோர் விவகாரத் துறை 2022-ல 'ரிப்பேர் செய்யும் உரிமை'க்குக் குழு போட்டு, அதே டிசம்பர்ல ஒரு இணையதளமும் ஆரம்பிச்சது. முதல் பட்டியல்ல விவசாயக் கருவிகள், செல்போன், டேப்லெட், வீட்டு உபயோக சாதனங்கள், வாகனங்கள் இருக்கு. மைக், கேமரா மாதிரி தொழில் கருவிகள் அந்த வரிசையில இல்லை. ஒரு மொபைல் வெச்சு சம்பாதிக்கறவங்களை விட ஒரு மைக்கை நம்பி சம்பாதிக்கறவங்க குறைவு என்கிறதுக்காக அவங்க ரிப்பேர் முக்கியமில்லைன்னு ஆயிடாது.

சில உயர் ரக மைக்குகள் ஜெர்மனிக்கே போகணும்னு சொல்வாங்க. அப்போ விநியோகஸ்தர் வழியாவே அனுப்புங்க. நீங்களே கூரியர்ல போட்டா, 'ரிப்பேருக்காகப் போகுது, திரும்பி வரும்'னு சீரியல் நம்பரோட ஏற்றுமதி ஆவணம் இருக்கணும். அது இருந்தா, உரிய காலத்துக்குள்ள திரும்பி வரும்போது ரிப்பேர் செலவுக்கும், போக வர சரக்குக் கட்டணம், இன்சூரன்ஸுக்கும் மட்டும் சுங்க வரி. இல்லைன்னா அது புது இறக்குமதின்னு சொல்லி முழு மதிப்புக்கும் வரி கேட்க இடம் இருக்கு. இதுல ஒரு நுணுக்கம்: கம்பெனி இலவசமா சரி பண்ணிக் கொடுத்தாலும், அந்த வேலைக்கு நியாயமா என்ன செலவு ஆகியிருக்குமோ அதுக்கு வரி உண்டு. "ஃப்ரீ சர்வீஸ்தானே, எதுக்கு சார் வரி?"ன்னு அங்க போய் வாதாட வேண்டாம். வாரன்டியில ரிப்பேருக்குப் போற பொருள் திரும்பி வர இருந்த காலக்கெடுவை மூணுல இருந்து அஞ்சு வருஷமா உயர்த்தறதா 2024 ஜூலை பட்ஜெட்ல அறிவிச்சாங்க. அவ்வளவு நாள் உங்களுக்குத் தேவைப்படாதுன்னு நம்பறேன்.

வருமான வரியில

இங்கதான் என் தொழில். சம்பளத்துல இருந்து மைக் செலவைக் கழிக்க முடியாது. ஸ்டாண்டர்ட் டிடக்ஷனோட சரி. ஆனா சேனல் வருமானம் தொழில் வருமானம். அதுக்குக் கணக்குப் புத்தகம் வெச்சுக் காட்டறீங்கன்னா, ரிப்பேர் செலவு முழுசா அந்த வருஷமே கழியும். புது மைக் மூலதனச் செலவு. வருஷத்துக்கு 15% தேய்மானம்தான். நம்ம ஆள் 20% வரம்புல இருக்கார்; செஸ் சேர்த்து 20.8%. ரிப்பேரும் கூரியரும் 12,310-க்கு அந்த வருஷம் மிச்சமாகற வரி 2,560. ஆகஸ்ட்ல 44,000-க்குப் புதுசு வாங்கியிருந்தா முதல் வருஷத் தேய்மானம் 6,600, மிச்சமாகற வரி 1,373. அக்டோபர் ஆரம்பத்தைத் தாண்டி வாங்கினா, 180 நாளுக்குக் குறைவான உபயோகம்னு தேய்மானம் பாதியாயிடும். மீதித் தேய்மானம் அடுத்தடுத்த வருஷங்கள்ல வரும், தொலைஞ்சு போகாது, ஆனா இ.எம்.ஐ. இன்னைக்கே போகுதே.

உத்தேச வருமான முறையில, அதாவது வரவுல இத்தனை சதவீதம் லாபம்னு காட்டற முறையில ரிட்டர்ன் போடறவங்களுக்கு இந்த வித்தியாசமே இல்லை. ரிப்பேர், தேய்மானம் எல்லாம் அந்தச் சதவீதத்துக்குள்ளயே அடங்கிடும். "44,000-க்கு மைக் வாங்கினா டாக்ஸ் குறையும்"னு யாராவது ரீல்ஸ்ல சொன்னா, எந்த முறையில ரிட்டர்ன் போடறீங்கன்னு முதல்ல திருப்பிக் கேளுங்க.

விமர்சனத்துக்காகக் கம்பெனி இலவசமா அனுப்பின மைக்கை நீங்களே வெச்சுக்கிட்டா அதுவும் வருமானம். ஒரு வருஷத்துல ஒரு கம்பெனிகிட்ட இருந்து வந்தது 20,000-ஐத் தாண்டினா 10% டி.டி.எஸ். அதுக்கும் மேல, அந்த மைக்குக்கு உங்க பேர்ல பில்லே இருக்காது. பில் இல்லாம வாரன்டியில அனுப்பிப் பாருங்க, அப்பத் தெரியும்.

பில் யார் பேர்ல இருக்குங்கறது வேற இடத்துலயும் உதைக்கும். நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019, வணிக நோக்கத்துக்கு வாங்கின பொருளை நுகர்வோர் வரையறையில இருந்து விலக்கி வெச்சிருக்கு. சுயதொழில் மூலமா வாழ்வாதாரத்துக்காக மட்டும் வாங்கினதுன்னா விலக்கு கிடையாது. ஆனா உங்களுக்கு மாசச் சம்பளம் வேற வருதே, அப்புறம் மைக் எப்படி வாழ்வாதாரம்னு எதிர்த்தரப்பு வாதாடலாம். ஜி.எஸ்.டி. பதிவே இல்லாத சின்ன சேனலுக்கு, 'டிஜிட்டல் ஸ்டுடியோஸ்'னு ஒரு கம்பெனிப் பேரைப் போட்டு பில் வாங்கறதுல பெருமையைத் தவிர ஒண்ணும் இல்லை. சொந்தப் பேர்லயே வாங்குங்க. சொந்தப் பேர்ல இருக்கற பில்லை வெச்சும் தொழில் செலவாக் காட்டலாம்.

சர்வீஸ் சென்டர் மைக்கை வாங்கி வெச்சுக்கிட்டு மாசக்கணக்குல பதில் சொல்லலைன்னா, முதல்ல 1915 எண்ல தேசிய நுகர்வோர் உதவி மையத்துல பதிவு பண்ணுங்க. சரிவரலைன்னா மாவட்ட ஆணையம். கம்பெனி குருகிராம்ல இருந்தாலும் நீங்க குடியிருக்கற மாவட்டத்துலயே வழக்குப் போடலாம். நீலகிரிக்காரங்களுக்கு அது ஊட்டியிலயே இருக்கு. பொருளுக்குக் கொடுத்த தொகை 5 லட்சம் வரைக்கும் இருந்தா கட்டணம் கிடையாது. பிரச்சினை வந்ததுல இருந்து ரெண்டு வருஷத்துக்குள்ள போடணும். அதுக்கு வேண்டியது நான் மேல சொன்ன அதே தாள்கள்தான்: பில், சீரியல் நம்பர் போட்டோ, பேக்கிங் வீடியோ, மெயில்ல வந்த மதிப்பீடு. எல்லாத்தையும் ஒரே ஃபோல்டர்ல போட்டு வைங்க.